ஐஸில் வளர்ந்தவன் என்று இனிச் சொல்லாதே

மகனே,

சுகமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. உன் சுகம் எப்படியென்று போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெள்ளவத்தையில் நீ இருக்கும் பிளாட்டின் மொட்டைமாடியில், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்றிலிருந்து நான்கு தடவை போன் எடுத்தேன். நான்கு தடவையும் "ஓம் அப்பா, ஓம் அப்பா, சரி அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி என்று சொன்ன அதே வாயால் புதன்கிழமை ஒரு வீடியோ போட்டிருக்கிறாய். நிரோஷாதான் எனக்கு அனுப்பினாள்; அதற்காக உன் மனைவியைக் கோபிக்காதே, அவள் அழுதுகொண்டுதான் அனுப்பினாள். வருகிற சனிக்கிழமை காலை, உன் ஓட்டக் கிளப் பெடியன்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் இருபது நிமிடம் ஐஸ் தண்ணீருக்குள் இருக்கப் போகிறாயாம். உன்னால் ஏன் முடியும் என்பதற்குக் காரணமும் சொல்கிறாய். "நான் ஐஸில வளந்தவன். எனக்கு அஞ்சு வயசில காய்ச்சல் வந்து சாகக் கிடக்கேக்க, எங்கட அப்பா ஐஸுக்குள்ள போட்டுத்தான் காப்பாத்தினவர். குளிர் என்னை ஒண்டும் செய்யாது." இதைச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. கீழே எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்! அப்பாவுக்கு ஒரு சல்யூட் என்று முன்பின் தெரியாத ஒருவன் எழுதியிருக்கிறான். அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தில் போனை எறியாமல் விட்டது பெரிய காரியம். நீ ஊருக்கே சொன்ன கதை என்பதால் நானும் ஊர் பார்க்கவே பதில் எழுதுகிறேன். நீ வீடியோ போட்ட அதே இடத்தில் நிரோஷா இதையும் போடுவாள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமையை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் உனக்கு அதில் பாதி ஞாபகம் இல்லை. நீயே டொக்டரிடம் அப்படித்தான் சொன்னாய். பூசை முடிந்து நானும் அம்மாவும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தோம். நிரோஷா குசினியில் இறால் பொரித்துக்கொண்டிருந்தாள். நீ எங்கே என்று கேட்டதற்கு, "காலமை இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தவர் மாமா, கால் நோ குறைய வேணுமெண்டு மேல ஐஸில இருக்கிறார்" என்றாள். படியேறி வந்தேன். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தாய். உன்னைச் சுற்றி ஐஸ் துண்டுகள். மதிலில் சாய்த்துவைத்த போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பதினான்கு நிமிடம் தாண்டியிருந்தது. மாடியில் வேறு ஒரு காக்கையும் இல்லை. தனியாக, மகனே! உன் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் நீ நடுங்கவில்லை. மற்றவர்கள் அதைப் பார்த்து, பார் எவ்வளவு பலசாலி என்று நினைப்பார்கள். நடுக்கம் நின்றுபோவதுதான் மோசமான அடையாளம் என்று எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நான் முப்பத்துநான்கு வருடம் முகத்துவாரத்தில் ஐஸ் பெக்டரியில் வேலை செய்தவன். அங்கே குளிர் அறைக்குள் ஒருவன் தனியாகப் போகக்கூடாது. இரண்டு பேர் போக வேண்டும், வாசலில் மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். வாசலில் நிற்பவனுக்கு ஒரே ஒரு வேலைதான்: உள்ளே இருப்பவர்களோடு விடாமல் கதைத்துக்கொண்டிருப்பது. காலையில் என்ன சாப்பிட்டாய், பிள்ளை எந்த வகுப்பு, நேற்று மச்சில் யார் கோல் அடித்தது, எதையாவது கேட்டுக்கொண்டே இருப்போம். பதில் ஒழுங்காக வரும்வரை பயமில்லை. நாக்குத் தடுக்கினால், அல்லது சம்பந்தமில்லாமல் சிரித்தால், அவன் வேண்டாம் என்றாலும் இழுத்து வெளியே போட்டுவிடுவோம். குளிர் ஏறியவனுக்குக் குளிர் ஏறியது தெரியாது. தான் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வான். அதனால்தான் மாடியில் நின்று உன்னைக் கேட்டேன், "காலமை என்ன சாப்பிட்டனி?" நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பா...ண்... பாப்... பருப்பு" என்றாய், நாக்குத் தடுக்கியது. எழும்படா என்று கத்தினேன். எழும்பினாய். ஒரு காலை வெளியே வைத்தாய், அடுத்த காலைத் தூக்க முடியாமல் அப்படியே சரிந்து, நாடி சீமெந்தில் அடிபட விழுந்தாய். என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. நான் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து செக்யூரிட்டி ஓடிவந்தான். "ஐயோ மாத்தயா, மொகத வுணே?" என்று கேட்டுக்கொண்டே உன் கால்மாட்டைப் பிடித்தான். என்ன நடந்தது என்று அந்த மனிதனுக்குச் சிங்களத்தில் விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் மகன் சல்லி கொடுத்து ஐஸ் வாங்கி, அதற்குள் தானாக ஏறி உட்கார்ந்தான் என்று எந்த மொழியில் சொன்னாலும் விசர்க்கதைதான்.

அதற்குப் பிறகுதான் உன் தோளிலும் தொடையிலும் இருந்த சிவப்புத் தழும்புகளைக் கண்டேன். சுட்ட காயம் மாதிரி இருந்தது. பரலுக்குப் பக்கத்தில் உப்புப் பை, ஐந்து கிலோ, வெறுமையாகக் கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. இந்த உலகத்தில் எத்தனையோ பேர் ஐஸ் தண்ணீரில் இறங்குகிறார்கள், ஆனால் அதற்குள் உப்பைக் கொட்டுவதற்கு ஐஸ் பெக்டரிக்காரன் மகனால்தான் முடியும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஒரு லீவு நாளில் உன்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேனே: தொட்டியில் ஓடுவது உப்புத் தண்ணீர், அது உறையாமலே ஐஸைவிடக் குளிராகிக்கொண்டு போகும், அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை இறக்கினால் நாளைக்கு ஐஸ் கட்டி. அதை மறக்காமல் வைத்திருக்கிறாய். அப்பா சொன்ன மற்ற ஆயிரத்தில் ஒன்றையும் வைத்திருக்கவில்லை. உப்புப் பட்ட ஐஸ் துண்டு தோலில் ஒட்டினால் தோல் வெந்துபோகும். அதைத் தொட்டு வேலை செய்ய எங்களுக்குத் தடித்த கையுறை தந்தார்கள். நீ அதற்குள் சட்டையில்லாமல் இருந்தாய்! அந்த ஐஸையும் மீன்கடைக்குப் போகும் லொறியில்தான் வாங்கினாய் என்று நிரோஷா சொன்னாள். மீனுக்குப் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது, எந்தத் தரையில் இழுபட்டு வந்தது என்று என்னைக் கேள், சொல்கிறேன். காலில் ஓடிக் கிழிந்த கொப்புளத்தோடு அதற்குள் இறங்கியிருக்கிறாய்.

நிரோஷா உடனே உன்னைச் சுடுதண்ணீர் ஷவருக்குக் கீழே நிறுத்தப் பார்த்தாள். நல்ல மனதோடுதான். நான் வேண்டாம் என்று தடுத்ததற்கு நீ பிறகு என்னைக் கோபித்தாய். இப்போது கேள். வெளியே வந்தவுடன் குளிர் நிற்பதில்லை. கைகாலில் கிடந்த குளிர் இரத்தம் நெஞ்சுக்குத் திரும்பும், அதனால் உடம்பு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் சுடுதண்ணீரை ஊற்றினால் தலைசுற்றி மறுபடி விழுவாய். ஈரத்தைத் துடைக்க வேண்டும், உலர்ந்த உடுப்புப் போட வேண்டும், போர்க்க வேண்டும், உட்கார்த்த வேண்டும், கோப்பையைத் தானாகப் பிடிக்கத் தெம்பு வந்த பிறகு சீனி போட்ட பிளேன்டீ கொடுக்க வேண்டும். அதைத்தான் செய்தோம். முக்கால் மணித்தியாலம் நடுங்கினாய். நீ நடுங்கத் தொடங்கியபோது நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அம்மா உன் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்க்காமல் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் காலி வீதியில் இருக்கும் டொக்டரிடம் போனோம். ஈசீஜி எடுத்துப் பார்த்து, இதயத்துக்குப் பழுதில்லை, நாடியில் மூன்று தையல் போதும் என்று அந்த டொக்டரம்மா சொன்னதும் நீ உடனே பழைய ஆளாகிவிட்டாய். அவர் சொன்ன மற்றவற்றை நீ கேட்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன். குளிர் தண்ணீரில் முதல் ஒரு நிமிடம்தான் பொல்லாதது என்றார். மூச்சு நம்மைக் கேட்காமல் தானாக இழுத்துக்கொள்ளும், இதயம் எகிறும், பிரஷர் ஏறும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் ஒரு மிடறிலேயே கதை முடிந்துவிடும். ஆகவே குதிக்கக்கூடாது, தலையை முக்கக்கூடாது, மெல்ல இறங்கி மூச்சு அடங்கும்வரை ஒரு கை வெளியே பிடித்திருக்க வேண்டும். இதய வருத்தம், பிரஷர், விரல் வெளுத்து மரத்துப்போகும் வியாதி உள்ளவர்களும் வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் கிட்டவும் போகக்கூடாது. குடித்துவிட்டு இறங்கவே கூடாது. கால் நோவுக்கென்றால் ஐஸ் குவிக்கத் தேவையே இல்லையாம். தெர்மாமீட்டரில் பத்துக்கும் பதினைந்து பாகைக்கும் இடையில், இடுப்பளவு தண்ணீரில், ஐந்து நிமிடம். பழகியவனுக்கு மிஞ்சினால் பத்து. "அதுக்கு மேல இருந்தா நோ கூடக் குறையுமெண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம்" என்றார். தசை வளர்க்கப் பாரம் தூக்குகிறவன் தூக்கியவுடனே இறங்கினால் பட்ட பாட்டில் பாதி வீணாகுமாம். போனிலிருந்து தலையைத் தூக்கி நீ ஒன்றே ஒன்று கேட்டாயே, "அப்ப உறைஞ்ச ஏரிக்குள்ள இறங்குற வெள்ளைக்காரன்?" என்று. அவன் பக்கத்தில் எத்தனை பேர் கயிறோடு நிற்கிறார்கள் என்று வீடியோவில் காட்டமாட்டான். இங்கே உன் பக்கத்தில் ஒரு போன் நின்றது. அது உன்னைத் தூக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகும் நீ படியிறங்கி வரும்போது என் தோளில் தட்டி, "பயப்பிடாதீங்கோ அப்பா, நான் ஐஸில வளந்தவன்தானே" என்றாய். நாடியில் தையலோடு. அந்த இடத்திலேயே உன் கன்னத்தில் அறைய எனக்குக் கை வந்தது. அறையவில்லை. நீ சொன்னது என் கதை. நான் செய்து, நான் பரப்பி, உன் வாயில் நானே ஊட்டிய கதை. உன்மேல் எனக்குக் கோபம். ஆனால் இந்தக் கிழமை முழுக்க என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அது கால்வாசியும் இல்லை. இருபத்தாறு வருடமாக ஒருவருக்கும் சொல்லாததை இனி எழுதுகிறேன்.

உனக்கு அப்போது ஐந்து வயது. மூன்று நாளாகக் காய்ச்சல். டிஸ்பென்சரி டொக்டர் மருந்து தந்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணி நனைத்து உடம்பைத் துடையுங்கள் என்றார். அதைக் கேட்டு நான் சிரித்தேன். எங்கள் ஒழுங்கையில் கலியாண வீட்டுப் பலூடாவுக்கும் செத்த வீட்டுக்கும் ஐஸ் என்றால் எல்லா மதத்துக்காரனும் என் வாசலில்தான் வந்து நிற்பான். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஐஸ்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இளஞ்சூட்டுத் தண்ணீரா? அன்று காலை வேலை முடிந்து வரும்போது சாக்கில் அரைக் கட்டி ஐஸ் கொண்டுவந்தேன். அம்மா பைப்படியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். அவள் வருவதற்குள் காய்ச்சலை இறக்கிக் காட்டுகிறேன் என்று, ஐஸை உடைத்து அலுமினியத் தொட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, உன்னைத் தூக்கி அதற்குள் இருத்தினேன். நீ வீரிட்டாய். எழும்பி வர ஏலாமல் உன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் நீ அழுவதை நிறுத்தினாய். காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தேன், மகனே. உன் உதடு நிறம் மாறியதைப் பார்த்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்திருந்தேன். பெக்டரியில் பெரிய ஆம்பிளைகள் நாக்குத் தடுக்கினால் இழுத்துப் போடுகிற நான், என் பிள்ளை பேச்சற்றுப் போனதை நல்லதென்று நினைத்தேன்.

உன்னை வெளியே எடுத்தது நானில்லை. அம்மா வாளியைப் பைப்படியிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, என்னை ஒரு பக்கம் தள்ளி, உன்னைப் பறித்தெடுத்தாள். உன் கண் மேலே செருகியிருந்தது. கைகால் வெட்டி இழுத்தது. சேலைத் தலைப்பால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். "ஆர் இந்த விசர்வேலை பார்த்தது? காய்ச்சல்காரப் பிள்ளையை ஆராவது ஐஸுக்குள்ள போடுவினமோ?" என்று டொக்டர் கத்தினார். வெயிலில் ஓடி மயங்கி விழுந்தவனைக் குளிர் தண்ணீரில் போடுவது வேறு, காய்ச்சல் குழந்தைக்கு அது எமன் என்றார். நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன். அம்மாதான், "தண்ணி கொஞ்சம் குளிராப் போச்சு டொக்டர்" என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். மருந்தில்தான் சுகமானாய். வீட்டுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஐஸில போட்டன், காய்ச்சல் பறந்திட்டுது" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோயிலில் நீ முதல் நன்மை வாங்கிய அன்று சொன்னேன், நீ ஸ்கூலில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தபோது சொன்னேன், உன் கலியாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவை நான் அதைத் தொடங்கும்போதும் அம்மா எழும்பிக் குசினிக்குப் போவாள், கவனித்தாயா? கலியாண மண்டபத்தில் குசினி இல்லாததால் வாசலுக்குப் போய் நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, என்னோடு நின்று அதைக் கேட்கவும் இல்லை.

ஆகவே உனக்குக் குளிரைத் தாங்கும் தனி உடம்பு ஒன்றும் கிடையாது. குளிரில் ஒரு தடவை சாகப் பார்த்த உடம்புதான் உனக்கு இருப்பது. ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு தடவை. உன்னைப் பார்த்து அந்தக் கிளப் பெடியன்களும் இறங்குவார்கள். அவர்களில் எவனுக்கு இதயத்தில் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. பெக்டரியில் ஒருவன் விழுந்தால் கேட்க ஒரு சுப்பவைசர் இருந்தார். உன் மொட்டைமாடியில் ஒரு தாய் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது? எங்கள் அப்பா ஐஸில் போட்டவர் என்று சொல்வாயா?

ஐஸை முற்றாக விடு என்று நான் கெஞ்சவில்லை. கால் நோவுக்கு உனக்கு அது சுகமாக இருந்தால் இரு. ஆனால் சனிக்கிழமை காலை நான் முதல் பஸ்ஸில் வருவேன். தெர்மாமீட்டர் என்னிடம் இருக்கிறது, முப்பத்துநான்கு வருடம் அதைப் பார்த்தே சம்பளம் வாங்கினேன். பைப் தண்ணீர், கடையில் விற்கும் சுத்தமான ஐஸ் இரண்டு பை, உப்பு ஒரு கல்லும் இல்லை. பன்னிரண்டு பாகைக்குக் கீழே இறங்கினால் தண்ணீரை நானே கவிழ்த்துவிடுவேன். கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஐந்தாவது நிமிடம் நீ எழும்புகிறாய். அதற்கு முன்னால் அந்தப் பெடியன்களுக்கு உன் வாயால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொல்ல உனக்கு வெட்கமென்றால் நான் சொல்கிறேன். கலியாண வீட்டில் மைக் பிடித்தவனுக்கு இது பெரிய காரியமில்லை.

இதுவரை எழுதியதை நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவள் குசினிக்குப் போகவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஒண்டை விட்டிட்டியள்" என்றாள். என்ன என்று கேட்டேன். "நான் பைப்படியில நிண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அவன் வெறுமனே அழேல்லை. 'போதும் அப்பா, போதும் அப்பா' எண்டுதான் கத்தினவன். டொக்டர் சொன்னமாதிரி நீங்கள் துடைக்கிறியள், அதுக்குத்தான் கத்துறான் எண்டு நினைச்சு நான் வரிசையை விட்டு வரேல்லை. அந்தச் சத்தம் நிண்ட பிறகுதான் ஓடி வந்தனான்." இருபத்தாறு வருடமாக அவள் வைத்திருந்தது அது. கேட்டவுடன் எனக்கும் ஞாபகம் வந்தது. வந்தது என்று எழுதுவதும் பொய், அது ஒரு நாளும் போகவில்லை. நீ சொன்னாய். எனக்குக் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை.

இப்போது நான் சொல்கிறேன், நீயாவது கேள். போதும் மகன். எழும்பி வா.

அப்பா